வேலியிலிருந்தா, வாசலிலிருந்தா?

வீடு கட்டியவர்களுக்கு ‘செட்பேக்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கொத்தனார் நூல் பிடிக்கும்போதே முன்னால் இத்தனை அடி, பக்கவாட்டில் இத்தனை அடி விட்டாக வேண்டும் என்று சொல்லிவிடுவார். விடாமல் கட்டினால் நம் சன்னல் பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முட்டும். அதன்பின் அந்த வீட்டோடு ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. மூன்றடி, ஐந்தடியில் முடிகிற சமாசாரம் இது. தள்ளி நிற்க வேண்டியது ஒரு சன்னலாக இல்லாமல் ஐந்நூறு அடி உயரக் காற்றாலையாக இருந்தால், விட வேண்டிய தூரம் எவ்வளவு? அதை எங்கிருந்து அளப்பது? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. முதல் கேள்விக்குத்தான் கூட்டங்களில் சத்தம் அதிகம். விஷயம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது என்பது என் கட்சி.

விஸ்கான்சின் பால்மாட்டுப் பண்ணைகளின் நாடு. அதன் கிழக்குப் பகுதியில், மிச்சிகன் ஏரிக்குச் சற்று மேற்கே, நயாகரா வரை போகும் சுண்ணாம்புப் பாறை மேடு ஒன்று ஓடுகிறது. உள்ளூர்க்காரர்கள் அதை ‘லெட்ஜ்’ என்கிறார்கள். அந்த மேட்டில் காற்று நன்றாக வீசும். அதே மேட்டில்தான் வீடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. டெக்சஸ் போலவோ வயோமிங் போலவோ கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லாத வெளி அங்கே கிடையாது. காற்றும் குடியிருப்பும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டதுதான் இந்தத் தகராறின் வேர்.

காற்றாலைக்காரர்கள் அங்கே நிலத்தை வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறார்கள். கோபுரத்தின் அடித்தளத்துக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் கொஞ்சம் இடம் போனால் போதும். சுற்றிலும் சோளமும் சோயாவும் வழக்கம்போல விளையும். நிலத்துக்காரருக்கு ஆண்டுதோறும் வாடகை வரும். பால் விலை சரிந்த ஆண்டுகளில் பண்ணையைக் காப்பாற்றியது அந்த வாடகைதான் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சுழலும் இறக்கையின் ஓசையும், மாலை வெயிலில் அது வீசும் நிழலும் சர்வே கல்லைப் பார்த்து நிற்பதில்லை. வரப்புக்கு இந்தப் பக்கம் வாடகை, அந்தப் பக்கம் இரைச்சல். பக்கத்துக் காட்டு மரம் தன் பயிரில் நிழல் விழுத்துகிறது என்று பஞ்சாயத்துக்குப் போன நம் ஊர் விவசாயிக்கு இந்த வழக்கின் சாரம் உடனே புரிந்துவிடும்.

விஸ்கான்சினில் ஒரு பழைய சட்டம் இருந்தது. சூரிய, காற்று மின்சாரத்தை உள்ளாட்சிகள் விருப்பப்படி தடுக்க முடியாது. மக்களின் உடல்நலம், பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்காகவே கட்டுப்படுத்தலாம் என்பது அது. இருந்தும் மாவட்டங்களும் ஊர்களும் ஆளுக்கொரு தூரத்தை விதியாக எழுதிக்கொண்டன. காலுமெட் மாவட்டத்தின் விதி நீதிமன்றம் போயிற்று. எல்லாக் காற்றாலைக்கும் பொதுவாக ஒரு தூரத்தை மாவட்டம் முன்கூட்டியே விதிக்க முடியாது, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 2009 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியான தீர்ப்பாக இருக்கலாம். நடைமுறையில், இரண்டாயிரம் பேர் வாழும் ஊரின் சபை ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒலியியல் நிபுணரையும் வழக்கறிஞரையும் வைத்து வாதாட வேண்டும் என்பதே அதன் பொருள்.

அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றம் புதுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது; ஆளுநர் ஜிம் டாயில் கையெழுத்திட்டார். மாநிலத்தின் பொதுச்சேவை ஆணையம் ஒரே சீரான விதியை வகுக்கும். ஊர்கள் தம் விதியை எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஆணையத்தின் விதியைவிடக் கடுமையாக எழுதக் கூடாது. ஆணையத்துக்கு யோசனை சொல்ல 15 பேர் கொண்ட குழு அமைந்தது. அந்தக் குழுவின் சேர்க்கை கவனிக்கத்தக்கது. காற்றாலை நிறுவுவோர் இருவர், மின்துறையினர், சூழலியல் அமைப்பினர், ஊர்களின் பிரதிநிதி, மாவட்டங்களின் பிரதிநிதி, உடல்நலப் பாதிப்பு அறிந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர், இவர்களோடு வீட்டுமனைத் தரகுத் துறையினர் இருவர், காற்றாலைக்கு அருகில் வாழ்ந்தும் அதனால் ஒரு காசும் பெறாதவர்கள் இருவர். மனைத் தரகர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றலாம். பின்னால் வருகிறது.

2010 டிசம்பரில் ஆணையம் விதியை இறுதி செய்தது. அதில் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. இரண்டும் இரண்டு இடத்திலிருந்து தொடங்குகின்றன.

ஒன்று, நிலத்தின் எல்லையிலிருந்து. ஒப்பந்தம் போடாத அண்டை நிலத்தின் வேலியிலிருந்து, காற்றாலையின் மொத்த உயரத்தைப்போல் 1.1 மடங்கு தள்ளி நிற்க வேண்டும். பொதுச் சாலைக்கும் இதே அளவுதான். கோபுரம் அடியோடு சாய்ந்தாலும் அடுத்தவர் நிலத்தில் விழக் கூடாது என்பது இதன் தர்க்கம். மற்றொன்று, வீட்டிலிருந்து. ஒப்பந்தம் போடாதவரின் வீட்டிலிருந்து 1,250 அடி, அல்லது உயரத்தைப்போல் 3.1 மடங்கு, எது குறைவோ அது. இது ஓசைக்கும் நிழலுக்குமான இடைவெளி. அதற்கு மேலும் காவல் உண்டு: அந்த வீட்டருகே ஓசை பகலில் 50 டெசிபலையும் இரவில் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது, இறக்கையின் நிழல் வீட்டின் மீது வெட்டி வெட்டி விழுவது ஆண்டுக்கு 30 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் இந்தத் தூரங்களைத் தளர்த்திக்கொள்ளலாம்.

விதி 2011 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வரவேண்டும். ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய ஆளுநர் ஸ்காட் வாக்கர் பதவியேற்ற சில நாள்களிலேயே ஒரு மசோதாவை முன்வைத்தார்: இடைவெளி 1,800 அடி; அளப்பது வீட்டிலிருந்து அல்ல, பக்கத்து நிலத்தின் எல்லையிலிருந்து. வீட்டுமனைத் தரகர் சங்கம் ஆதரித்தது. அவர்கள் கோணத்தில் நியாயம் இருக்கிறது. இன்று வெறும் புல்லாக இருக்கும் மூலையில் நாளை ஒருவர் வீடு கட்ட நினைக்கலாம். இருக்கிற வீட்டிலிருந்து மட்டும் அளந்தால், கட்டப்படாத வீட்டின் மதிப்பைக் காற்றாலை இலவசமாக எடுத்துக்கொள்கிறது. நிலம் என்பது அதில் இன்று நிற்பது மட்டுமல்ல, நாளை நிற்கக்கூடியதும்தான் என்று மனை விற்பவர் சொல்வது இயல்பே.

1,250 ஐ விட 1,800 அதிகம், அவ்வளவுதானே என்று இந்த மாற்றத்தைப் படித்துவிட்டுப் போய்விடலாம். தாளில் வரைந்து பார்த்தால்தான் விபரீதம் தெரியும்.

அமெரிக்க நடுமேற்கு நிலம் சதுரங்கப் பலகை போல அளந்து பிரிக்கப்பட்டது. ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம் கொண்ட சதுரம் ஒன்றில் 640 ஏக்கர். அதை நான்காக வெட்டினால் 160 ஏக்கர்; பழைய குடியேற்றக் காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த பங்கு அது. அந்தக் கால் சதுரத்தின் ஒரு பக்கம் 2,640 அடி. சுற்றிலும் இருப்பவர்கள் யாரும் ஒப்பந்தம் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 492 அடி உயரக் காற்றாலைக்கு 1.1 மடங்கு என்பது 541 அடி. நான்கு பக்கமும் 541 அடி விட்டால் நடுவில் 1,558 அடிச் சதுரம் மிஞ்சும். ஏறத்தாழ 56 ஏக்கர். பக்கத்து வீடுகளின் 1,250 அடி வட்டங்கள் அதிலும் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். ஆனாலும் கோபுரம் நட இடம் இருக்கும்.

இப்போது வாக்கரின் 1,800 அடியை விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து 3,600 அடி ஆகிறது. நிலமோ 2,640 அடிதான். 160 ஏக்கர் வைத்திருப்பவரின் நிலத்தில் ஒரு கோபுரம் நட ஓரங்குலமும் இல்லை. முழு மைல் சதுரமும், 640 ஏக்கரும், ஒருவர் கையிலேயே இருந்தால் நடுவில் 65 ஏக்கர் தேறும். ஆகவே அந்த மசோதா காற்றாலையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சுற்றிலும் உள்ள ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் கையெழுத்து வாங்கி வா என்றது. வெளியே பார்க்கத் தூர விதி. உள்ளே அது சம்மத விதி. ஒருவர் மறுத்தால் கதை முடிந்தது.

அப்படி ஒரு சம்மத உரிமை அண்டை வீட்டாருக்கு இருக்க வேண்டுமா? இருக்கலாம் என்று வாதிட நல்ல காரணங்கள் உண்டு. ஆனால் அதைப் பாதுகாப்பு என்ற பெயரில் அடி அளவாக மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1,800 அடி தள்ளி நின்றால் பாதுகாப்பு, 1,700 அடியில் ஆபத்து என்று சொல்லும் ஆய்வு எதையும் மசோதாவோடு யாரும் மேசைமேல் வைக்கவில்லை.

சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றவில்லை. ஆனால் விதி நடைமுறைக்கு வரவேண்டிய அதே நாளில், சட்டமன்றத்தின் கூட்டுக்குழு ஒன்று அதை நிறுத்திவைத்தது. அந்த மாதமே, பிரௌன் மாவட்டத்தில் 100 கோபுரங்களோடு திட்டமிடப்பட்டிருந்த லெட்ஜ் காற்றாலையை இன்வெனர்ஜி நிறுவனம் கைவிட்டது. நிறுத்திவைப்பதற்குக் காலக்கெடு உண்டு. அதற்குள் மாற்றுச் சட்டம் எதுவும் நிறைவேறாததால் 2012 மார்ச்சில் பழைய விதி தானாக உயிர்பெற்றது. இரண்டு தரப்பில் யாரும் வென்றதாகச் சொல்ல முடியாது. கெடு முடிந்தது, விதி வந்தது.

இதற்கிடையே அதே பிரௌன் மாவட்டத்தில், க்ளென்மோர் ஊர் எல்லையில், ஷெர்லி என்ற இடத்தில் எட்டுக் காற்றாலைகள் சுழலத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றும் 2.5 மெகாவாட், நான் மேலே கணக்குக்கு எடுத்த 492 அடி அவற்றின் உயரம்தான். மாநில விதி வருமுன்பே ஊரின் அனுமதியோடு எழுந்தவை. ஓட ஆரம்பித்த பின் சில குடும்பங்கள் தலைவலி, காது அடைப்பு, தூக்கமின்மை என்று முறையிட்டன. சிலர் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். காதுக்குக் கேட்காத தாழ்வான அதிர்வொலிதான் காரணம் என்பது அவர்கள் நம்பிக்கை. 2012 டிசம்பரில் ஒலியியல் வல்லுநர்கள் மூன்று வீடுகளில் கருவிகளோடு தங்கி அளந்தார்கள். தாழ்வொலி பதிவாயிற்று. மேலும் ஆராய வேண்டிய விஷயம் என்பதில் அவர்கள் ஒத்துப்போனார்கள்; அதுதான் நோய்க்குக் காரணம் என்று நிறுவவில்லை. 2014 அக்டோபரில் மாவட்டச் சுகாதார வாரியம் ஷெர்லி காற்றாலைகளை மனித உடல்நலத்துக்கு ஆபத்து என்று அறிவித்தது. அமெரிக்கா முழுவதும் காற்றாலை எதிர்ப்பாளர்கள் அந்தத் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2015 டிசம்பரில் அதே மாவட்டத்தின் சுகாதார அதிகாரி, நடவடிக்கை எடுக்கப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று முடிவு சொன்னார். அறிவிப்பை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். முடிவை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே.

ஷெர்லிக் குடும்பத்தினர் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டைப் போட்டுவிட்டுப் போகிறவர் விளையாட்டுக்குப் போவதில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் ஆய்வுகளில் நிற்கவில்லை. கனடாவின் சுகாதாரத் துறை 1,238 வீடுகளில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2014 இல் வந்தது. காற்றாலை ஓசைக்கும் தூக்கக் குறைவுக்கும், நோய்களுக்கும், மன அழுத்தத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஓசை கூடக்கூட எரிச்சல் கூடுகிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 2023 இல் வெளியான சிட்னி ஆய்வில், ஓசையால் எளிதில் பாதிக்கப்படும் 37 பேரை 72 மணி நேரம் கேட்காத அதிர்வொலிக்கு நடுவே வைத்துப் பார்த்தார்கள், மாற்றம் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகச் சோதனையோ வேறொன்றைக் காட்டியது: காற்றாலை ஒலி உடம்புக்குக் கெடுதி என்ற செய்திகளை முதலில் காட்டிவிட்டால், ஒலியே இல்லாதபோதும் சிலருக்கு உடம்பு படுத்துகிறது. பயமும் ஒரு வலிதான் என்று இதைப் படிக்க வேண்டும். நடிப்பு என்று படித்தால் ஆய்வையும் மனிதரையும் ஒருசேர அவமதிக்கிறோம்.

என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நெதர்லாந்தில் 725 பேரிடம் எடுத்த ஆய்வு. காற்றாலையால் வருமானம் பெறுபவர்களும் பெறாதவர்களும் அதே ஓசையைக் கேட்டார்கள். பெறுபவர்கள்தான் பெரும்பாலும் அதிக ஓசைக்கு அருகில் இருந்தவர்கள். ஆனாலும் அவர்களுக்கு எரிச்சல் இல்லை என்றே சொல்லலாம். காசு காதை அடைக்கிறது என்று கிண்டலாகவும் இதைச் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. தன் சம்மதத்தோடு, தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு கேட்கும் ஓசையும், கேட்காமல் தலையில் கட்டப்பட்ட ஓசையும் டெசிபலில் ஒன்றாக இருந்தாலும் மனிதருக்கு ஒன்றல்ல. கோயில் திருவிழா ஒலிபெருக்கி நன்கொடை கொடுத்தவருக்குப் பாட்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேறு.

ஓசையைத் தூரத்தால் விலைக்கு வாங்குவதும் கட்டுப்படியாகாத வியாபாரம். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல்தான் குறையும். 1,000 அடியிலிருந்து 2,000 அடிக்குப் போனால் 6. இன்னொரு 6 வேண்டுமென்றால் 4,000 அடிக்குப் போக வேண்டும். இறக்கையின் பின்விளிம்பில் ரம்பப்பல் போன்ற பட்டைகளை ஒட்டினால், கோபுரத்தை ஓரடிகூட நகர்த்தாமல் இரண்டு மூன்று டெசிபல் குறைகிறது. இரவில் சுழற்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் மேலும் குறையும். நிழலோ பஞ்சாங்கம் போலத் துல்லியமாகக் கணக்கிடக்கூடியது: எந்த வீட்டில் எந்த நாள் எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், அந்த நிமிடங்களில் இயந்திரத்தை நிறுத்திவிடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு அடிகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில், குறையைத் தீர்க்கும் நோக்கத்தைவிடத் திட்டத்தைத் தீர்த்துக்கட்டும் நோக்கமே எனக்கு அதிகம் தெரிகிறது.

விஸ்கான்சினில் நடக்காமல் போனது ஒஹையோவில் நடந்தது. அங்கே 2008 விதிப்படி அண்டை வீட்டிலிருந்து 750 அடி. 2013 இல் அது 1,125 அடி ஆயிற்று. அப்போதும் அளந்தது வீட்டிலிருந்துதான். 2014 இல், வரவுசெலவுத் திருத்த மசோதா ஒன்றில் கடைசி நேரத்தில் ஒரு திருத்தம் செருகப்பட்டது. 1,125 என்ற எண் அப்படியே இருந்தது. வீடு என்ற சொல் போய், நிலத்தின் எல்லை என்ற சொல் வந்தது. காற்றாலை பற்றித் தனியாக மக்கள் கருத்துக் கேட்கும் அமர்வு எதுவும் நடக்கவில்லை. ஆளுநர் ஜான் கேசிக் கையெழுத்திட்டார்.

மறுபடி அந்தக் கால் சதுரத்தை எடுங்கள். ஒஹையோ அளப்பது இறக்கை நுனியிலிருந்து. இறக்கை 150 அடி என்றால் கோபுரம் எல்லையிலிருந்து 1,275 அடியில் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 2,550. மிஞ்சுவது 90 அடிக்கு 90 அடி. 160 ஏக்கரில் 18 சென்ட் சொச்சம், சென்னைக் கணக்கில் மூன்றரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த மூன்றரை கிரவுண்டில் ஓடையோ சாலையோ குறுக்கிட்டால் அதுவும் இல்லை. வடமேற்கு ஒஹையோவில் 2012 இல் ஓடத் தொடங்கிய ப்ளூ க்ரீக் காற்றாலையில் 152 கோபுரங்கள். புதிய விதி அன்றே இருந்திருந்தால் அவற்றில் பன்னிரண்டுதான் எழுந்திருக்கும் என்று தொழில்துறையினர் சொன்னார்கள். ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு தொழில் நின்றது. எண்ணை மாற்றியிருந்தால் பத்திரிகைகள் கவனித்திருக்கும்.

ஜெர்மனியின் பவேரியா எண்ணை வைத்தே காரியத்தை முடித்தது. 2014 நவம்பரில் ஹார்ஸ்ட் ஸேஹோஃபர் அரசு கொண்டுவந்த விதி: குடியிருப்பிலிருந்து காற்றாலை உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம். 200 மீட்டர் உயரமென்றால் 2 கிலோமீட்டர். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தோடு வளரும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம்: 1 கிலோமீட்டர் ஆரம் மூன்று சதுர கிலோமீட்டர் சொச்சத்தை விலக்கும், 2 கிலோமீட்டர் ஆரமோ பன்னிரண்டரையை விலக்கும். நெருக்கமாக ஊர்கள் உள்ள நாட்டில் அந்த வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெற்றிடமே இல்லாமல் போயிற்று. உயரமான காற்றாலைதான் அதிக மின்சாரம் தரும் என்ற நிலையில், உயரத்துக்கே தண்டனை போடும் விதி இது. 2016 மே மாதத்தில் மாநில அரசியல் சாசன நீதிமன்றம் விதி செல்லும் என்றது. காற்றாலைகள் அநேகமாக வரவில்லை. 2022 இல் ரஷ்ய எரிவாயு நின்றபோதுதான் பவேரியாவுக்குத் தன் காற்று நினைவுக்கு வந்தது. அந்த நவம்பரில் நெடுஞ்சாலை ஓரம், காடு, தொழிற்பேட்டை அருகு போன்ற இடங்களில் தூரத்தை 1,000 மீட்டராகக் குறைத்தது.

போலந்தும் 2016 இல் பத்து மடங்கு விதியைப் போட்டது. அதில் ஒரு வினோதம்: விதி இரண்டு பக்கமும் வெட்டியது. வீட்டருகே காற்றாலை கூடாது என்றால் காற்றாலை அருகே வீடும் கூடாது. ஏற்கெனவே காற்றாலை நின்ற ஊர்களில், தன் மகனுக்குத் தன் நிலத்திலேயே வீடு கட்ட விரும்பியவர் மாட்டிக்கொண்டார். விஸ்கான்சின் மனைத் தரகர்கள் பயந்தது இங்கே காற்றாலைக்காரர் கையால் வரவில்லை, காற்றாலையைத் தடுக்க வந்த சட்டத்தின் கையால் வந்தது. 2023 இல் தூரத்தை 700 மீட்டராக்கினார்கள். அதற்கு முன் பேச்சில் இருந்தது 500. 2025 இல் நாடாளுமன்றம் 500 க்கு ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கரோல் நவ்ரோட்ஸ்கி தடுத்துவிட்டார். மசோதாவோடு மின்கட்டண உயர்வுக்கான தடையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள் என்பது வேறு கதை. பத்து மடங்கு, 700, 500 என்று ஏறி இறங்கிய இந்த எண்களுக்கு இடையே காற்றாலையின் ஓசை மாறவில்லை. நாடாளுமன்றத்தில் கைகளின் எண்ணிக்கைதான் மாறியது.

என் தீர்ப்பு இது. விழும் ஆபத்துக்கு நில எல்லையிலிருந்து அளப்பது நியாயம், ஏனென்றால் வயலில் வேலை செய்பவருக்கும் உயிர் இருக்கிறது. ஓசைக்கும் நிழலுக்கும் வீட்டிலிருந்து அளப்பதே பொருத்தம், ஏனென்றால் புல் தூங்குவதில்லை. அங்கேயும் அடியைவிட டெசிபலை எழுதிவைப்பது நல்லது. எதிர்கால மனை மதிப்புக்கு அடியும் வேண்டாம், டெசிபலும் வேண்டாம். பணம் கொடுக்க வேண்டும். விஸ்கான்சின் விதியில் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது: அரை மைலுக்குள் உள்ள, ஒப்பந்தம் போடாத வீடுகளுக்கும் ஆண்டுத் தொகை தரும்படி உள்ளாட்சி கேட்கலாம். கூட்டங்களில் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட அடிகளைப் பற்றிப் பேசிய நேரம் பலமடங்கு அதிகம் என்பதுதான் சோகம்.

நம் பக்கம் வருவோம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் தொடங்கி கயத்தாறு, பல்லடம், உடுமலை வரை நிற்கும் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. தமிழ்நாட்டில் இந்தத் துறையின் பெரிய தூரச் சண்டை வீட்டுக்கும் காற்றாலைக்கும் இடையே நடக்கவில்லை. காற்றாலைக்கும் காற்றாலைக்கும் இடையே நடந்தது. முன்னால் நிற்பது பின்னால் நிற்பதன் காற்றைத் தின்றுவிடும். அதனால் இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் ஒரு திசையில் 5 மடங்கு, மறுதிசையில் 7 மடங்கு இடைவெளி வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு முதலீட்டாளர்கள் மோதிக்கொண்டார்கள். ஊர்க்காரர் அதில் ஒரு தரப்பே இல்லை. இங்கே பெரும்பாலும் நிலத்தை விலைக்கு வாங்கிவிடுவதால், வரப்புக்கு இந்தப் பக்கம் வாடகை வாங்கும் விவசாயியும் குறைவு.

வீட்டுக்கான தூரம் 2016 இல் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகளில் வந்தது. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், ஓசைக்காக. சாலை, ரயில்பாதை, கட்டடம், உயர் அழுத்த மின்கம்பி இவற்றிலிருந்து கோபுர உயரம், அதோடு இறக்கை வட்டத்தின் ஆரம், அதோடு 5 மீட்டர். 140 மீட்டர் கோபுரமும் 75 மீட்டர் ஆரமும் என்றால் 220 மீட்டர். எண்களில் குறை சொல்ல அதிகமில்லை. 500 மீட்டர் என்பது விஸ்கான்சினின் 1,250 அடியைவிடக் கூடுதல்தான். குறை வேறிடத்தில். காற்றாலைத் திட்டங்கள் 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. ஆகவே மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயம் இல்லை. விஸ்கான்சின்காரர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நள்ளிரவு வரை கத்திக்கொண்டார்கள். நம் ஊரில் இறக்கையை ஏற்றிய நீள லாரி தெருமுனையில் திரும்ப முடியாமல் நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

தூர விதி எல்லாக் குறைக்கும் மருந்தல்ல என்பதற்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. 2025 இல் இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலைக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது அவர்கள் பேசியது முக்கியமாக மழைநீர் வடியாமல் தேங்குவதையும், மீன்பிடியையும், வலசை வரும் பறவைகளையும் பற்றி. வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளினாலும் அந்தத் தீவில் எல்லாம் பக்கம்தான்.

தமிழ்நாட்டில் இது இனிமேல்தான் சூடுபிடிக்கும். 2024 இல் மாநில அரசு பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை நிறுத்துவதற்கான கொள்கையை வெளியிட்டது. தொண்ணூறுகளில் முப்பது மீட்டர் சொச்சக் கோபுரத்தில் சுழன்ற சின்ன இயந்திரத்துக்குப் பதில், நான்கு மடங்கு உயரமானது அதே வட்டாரத்தில் எழும். அன்று ஊருக்கு வெளியே இருந்த இடம் இன்று வெளியே இல்லை. வீடுகள் நகர்ந்து வந்துவிட்டன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று வருவதாகக் காதில் விழுந்தால், கிராம சபையில் எழுந்து 500 மீட்டரா 700 மீட்டரா என்று வாதிடப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கும் அந்த நிலத்துக்கும் புலப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரம் எங்கே வருகிறது என்று கேட்டு அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு அளவுகோலை உங்கள் வீட்டு வாசலில் ஒரு முறையும் வேலியில் ஒரு முறையும் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.